112 தாள்கள், 31 பெயர்கள்: கேம் அடிமை வினாக்கொத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில், பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கலவன் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையாக இருக்கிறேன். ஃப்ரீ ஃபயர், பப்ஜி என்று போனும் கையுமாகத் திரியும் பிள்ளைகள் பற்றி எல்லோரும் முறையிட்டதால், ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் வந்த ஒன்பது கேள்வி வினாக்கொத்து ஒன்றைத் தரம் 9 முதல் 11 வரை 112 பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. 21உம் அதற்கு மேலும் எடுத்தால் ‘அடிமை’ என்று தாளின் அடியில் போட்டிருந்தது. 31 பேர் அப்படி வந்தார்கள். 38 பேர், அநேகமாகப் பெண்பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் கணித ஆசிரியர் கணினியில் போட்டுப் பார்த்து நம்பகக் குணகம் 0.86, நியம விலகல் 6 என்கிறார். அதனால் நல்ல கருவி என்கிறார். ஒரு தாயிடம் சொன்னேன், அன்றிரவே போனை உடைத்துவிட்டார். அதிபர் 31 பேரின் பெற்றோரையும் கூப்பிடவும் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பவும் சொல்கிறார். இந்தப் பட்டியலை நம்பலாமா? இதைவிட நல்ல வினாக்கொத்து இருக்கிறதா?

பதில்: வணக்கம் ரீச்சர். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பெற்றோரைக் கூப்பிட வேண்டாம். வலயத்துக்கும் இப்போதைக்கு எண்ணிக்கை எதுவும் போக வேண்டாம். தாள்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள். உங்களுக்கு உதவக்கூடிய தகவல் அவற்றில் இருக்கிறது. அதைக் கூட்டுத்தொகைதான் மறைத்துவிடுகிறது.

நீங்கள் படமெடுத்து அனுப்பிய தாள், பொன்டெஸ், கிரிஃபித்ஸ் என்ற இருவர் 2015இல் வெளியிட்ட அளவுகோலின் தமிழாக்கம். அந்த ஒன்பது கேள்விகளும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடான டிஎஸ்எம்-5இலிருந்து வந்தவை. அந்தக் கையேடு இணைய விளையாட்டுக் கோளாறை உறுதியான நோய்களின் வரிசையில் வைக்கவில்லை. மேலும் ஆராயப்பட வேண்டியவற்றோடுதான் சேர்த்தது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, 12 மாத காலத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. வினாக்கொத்தை ஆக்கியவர்களும் அதையொட்டியே எண்ணச் சொன்னார்கள்: ‘மிக அடிக்கடி’, அதாவது 5, என்று போட்ட கேள்வியை மட்டும் ஓர் அறிகுறியாக எடுங்கள், அப்படிக் குறைந்தது ஐந்து சேர்ந்தால் பாருங்கள் என்று.

அப்படியானால் 21 எங்கிருந்து வந்தது? இத்தாலிய மொழியில் செய்த ஒரு சரிபார்ப்பில் கிடைத்த வெட்டுப்புள்ளி அது. அதே ஒன்பது கேள்விகளைச் சீன வளரிளம் பருவத்தினரிடம் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு 32 வந்தது. இத்தாலியிலே ‘அடிமை’யான பிள்ளை சீனாவுக்குப் போனால் 11 புள்ளியால் சுகமாகிவிடுகிறது. உங்கள் மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கோ புதுக்குடியிருப்புக்கோ எந்த எண் பொருந்தும் என்று இந்த இரண்டிலிருந்தும் சொல்ல முடியாது.

21 என்றால் என்ன என்பதை ஒரு தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை ஆறு கேள்விக்கு ‘அரிதாக’ என்றும் மூன்றுக்கு ‘சில வேளைகளில்’ என்றும் போடுகிறது. ஆறு இரண்டு 12, மூன்று மூன்று 9, மொத்தம் 21. ‘அடிக்கடி’ என்று ஒரு கேள்விக்குக்கூட அந்தப் பிள்ளை சொல்லவில்லை. உங்கள் 31 பேரில் இப்படி எத்தனை பேர் என்று இன்றே எடுத்துப் பார்க்கலாம்.

அதோடு அதே தாள்களை மூன்று விதமாக எண்ணுங்கள். முதலாவது, 21உம் மேலும். இரண்டாவது, 4 அல்லது 5 போட்ட கேள்விகள் ஐந்துக்குக் குறையாதவர்கள். மூன்றாவது, 5 போட்ட கேள்விகள் ஐந்துக்குக் குறையாதவர்கள். மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் இருக்கும். மூன்றையும் அதிபரின் மேசையில் வைத்தாலே அறிக்கைப் பேச்சு கொஞ்சம் அடங்கும். இது இந்த ஒரு தாளின் கோளாறு மட்டும் இல்லை. லெமன்ஸ் குழுவினர் 2009இல் நெதர்லாந்துப் பிள்ளைகளிடம் ஏழு கேள்வி அளவுகோல் ஒன்றைக் கொடுத்தார்கள். ஏழும் ஆம் என்றிருக்க வேண்டுமென்று எண்ணியபோது சுமார் 2 வீதம், நாலு போதும் என்று எண்ணியபோது சுமார் 9 வீதம். அதே பிள்ளைகள், அதே தாள்கள். 2020இல் வந்த ஒரு பெரிய மீளாய்வு 320 ஆய்வுகளைப் பார்த்து, அவற்றில் 32 வெவ்வேறு கருவிகள் பாவிக்கப்பட்டிருப்பதைக் கண்டது. ஒரு நாட்டில் இத்தனை வீதம், இன்னொரு நாட்டில் இத்தனை வீதம் என்று செய்தியில் வருவதை ஒப்பிட முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இனி அந்த 0.86. உங்கள் கணித ஆசிரியரின் கணக்கில் பிழை இருக்காது, அதிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை. அந்தக் குணகம் சொல்வது ஒன்றே ஒன்று: ஒரு கேள்விக்குக் கூடப் போட்டவர் மற்றக் கேள்விகளுக்கும் கூடப் போட்டிருக்கிறார். ஒன்பது கேள்வியும் ஒரே திசையில் இழுக்கின்றன. எந்தத் திசை என்று அது சொல்லாது. கேமில் உள்ள ஆசையை ஒன்பது விதமாகக் கேட்டாலும் 0.86 வரும். ஓர் ஆய்வுக்குழு சமூக ஊடக அடிமைத்தனத்தை அளக்கும் கேள்விகளை எடுத்து, ‘நேரில் பழகும் நண்பர்கள்’ என்று மாற்றி 807 பேரிடம் கொடுத்துப் பார்த்தது. வழமையான முறையில் எண்ணியபோது 69 வீதமானவர்கள் நண்பர்களுக்கு அடிமையானவர்களாக வந்தார்கள். எதையாவது மிகவும் விரும்புகிற எவரையும் இந்த வகைக் கேள்விகள் பிடித்துவிடும்.

உங்கள் 0.86இல் இன்னொரு வீக்கமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் 1 போட்ட 38 பேர் கேம் விளையாடுகிறவர்களா? அநேகமாக இல்லை. விளையாடாதவர்களை உள்ளே வைத்தால் கீழே ஒரு கூட்டம் அப்படியே 9 புள்ளியில் நிற்கும்; மேலே மற்றவர்கள்; இடைவெளி அகலும்; குணகமும் ஏறும். அந்த 38 தாள்களையும் எடுத்துவிட்டு 74 பேருக்கு மட்டும் திரும்பக் கணிக்கச் சொல்லுங்கள். இறங்கும். வினாக்கொத்தின் முதல் கேள்வியாக ‘கடந்த 12 மாதத்தில் கேம் விளையாடினீர்களா?’ என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். இல்லை என்றவர் அதோடு தாளைத் தந்துவிடலாம்.

சரி, 0.86ஐ அப்படியே ஏற்றுக்கொள்வோம். அப்போதும் தனிப் பிள்ளையின் புள்ளியில் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்று கணிக்கலாம். 1இலிருந்து 0.86ஐக் கழித்தால் 0.14. அதன் வர்க்கமூலம் சுமார் 0.37. அதை, புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகல் 6ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.2. இது அளவீட்டின் நியம வழு. இருபக்கமும் இதன் இரண்டு மடங்கு விட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். ஆக 21 எடுத்த பிள்ளையின் உண்மைப் புள்ளி 17க்கும் 25க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 20 எடுத்தவரை விட்டுவிட்டு 21 எடுத்தவரின் தாயைக் கூப்பிடுவதற்கு இந்தக் கருவியில் ஆதாரமே இல்லை.

கேள்விகள் உங்கள் வன்னிப் பகுதிப் பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது இதைவிடப் பெரிய விஷயம். மூலத்தில் ஒரு கேள்வி, விளையாடும் அளவை வீட்டாரிடமோ சிகிச்சையாளரிடமோ பிறரிடமோ மறைத்து ஏமாற்றினாயா என்று கேட்கிறது. 14 வயதுப் பிள்ளைக்குச் சிகிச்சையாளர் யார்? அதை விடுங்கள். உங்கள் பக்கத்தில் பல வீடுகளில் போன் தாயினுடையது. வெளிநாட்டில் இருக்கும் தகப்பன் எடுப்பதும் அதில், வட்ஸ்அப்பில் பாடக் குறிப்பு வருவதும் அதில். கேமே விளையாடக் கூடாது என்ற வீட்டில் அரை மணித்தியாலம் விளையாடினாலும் களவாகத்தான் விளையாட வேண்டும். அந்தப் பிள்ளை உண்மையாக 5 போடும். வீட்டுக் கண்டிப்பின் அளவு பிள்ளையின் நோயாகப் பதிவாகிவிடும்.

விளையாட முடியாதபோது எரிச்சல் வருமா என்ற கேள்வியும் அப்படித்தான். நாலு பேர் அணியாக இறங்கி, ஆட்டம் முடிகிற நேரம் டேட்டா தீர்ந்தால், சிக்னலுக்காகக் குளக்கட்டில் ஏறி நிற்கிறவனுக்கு எரிச்சல் வராமல் என்ன வரும்? மற்ற மூன்று பேரும் அவனைத்தான் ஏசுவார்கள். இது, அடிமையானவருக்கு அந்தப் பொருள் கிடைக்காதபோது வரும் விலகல் அறிகுறி ஆகாது. மற்றப் பொழுதுபோக்குகளில் ஆர்வம் குறைந்ததா என்று இன்னொன்று. பின்னேரமானால் யானைப் பயத்தில் பிள்ளைகளை வெளியே விடாத ஊரில் குறைவதற்கு முதலில் ஏதாவது இருந்திருக்க வேண்டும்.

கவலையை மறக்க விளையாடுகிறாயா என்ற கேள்வியில் உங்கள் பிள்ளைகள் பலர் 4, 5 போட்டிருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். வீட்டில் ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டிருப்பார், அல்லது லோன்காரர் வாசலில் வந்து நிற்கும் நாளாக இருக்கும். அரை மணித்தியாலம் போனுக்குள் ஒதுங்குவதை நோயென்று சொல்ல நான் ஆயத்தமில்லை. 2021இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வில், இந்தத் துறையின் 29 வல்லுநர்களிடம் ஒவ்வொரு அறிகுறியாகக் கருத்துக் கேட்டார்கள். கவலை மறக்க விளையாடுவது, வரவரக் கூடுதல் நேரம் வேண்டியிருப்பது ஆகிய இரண்டும் நோயுள்ளவரை இல்லாதவரிடமிருந்து பிரித்துக்காட்ட உதவாது என்பது அவர்களின் முடிவு. கட்டுப்பாடு இழப்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, அன்றாடக் காரியம் கெடுவது ஆகியவைதான் அவர்களிடம் நின்றன. எனவே உங்கள் தாள்களில் ஒன்பதையும் கூட்டாமல் இந்த வகைக் கேள்விகளை மட்டும் தனியே பாருங்கள்.

பிள்ளைகள் தாளை நிரப்பிய விதமும் இருக்கிறது. பெயர் எழுதச் சொன்னீர்களா? வாங்கு வாங்காக நெருங்கியிருந்து, பக்கத்தில் பார்த்துச் சிரித்துக்கொண்டா? தரம் 10 பொடியளில் சிலர் பெருமைக்கே எல்லாம் 5 போடுவார்கள்; சிலர் அதிபருக்குப் பயந்து எல்லாம் 1. விளையாட்டு அடிமை ஆய்வுகளில் இந்தக் குறும்புப் பதில்கள் எண்ணிக்கையை ஊதச் செய்வதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அடுத்த முறை ‘எந்தெந்த கேம் விளையாடினீர்கள்?’ என்ற பட்டியலில், உலகத்திலேயே இல்லாத ஒரு கேமின் பெயரை நீங்களாக இட்டுச் சேர்த்துவிடுங்கள். அதற்கும் சரி போட்டவரின் தாளைப் பக்கத்தில் வையுங்கள். ஒன்பதுக்கும் ஒரே இலக்கம் போட்ட தாள்களையும் சந்தேகத்தோடு பாருங்கள், குறிப்பாக எல்லாம் 3.

எத்தனை பேர் உண்மையில் எதிர்பார்க்கத்தக்கது? 17 நாடுகளின் 53 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணிப்பில் சுமார் 3 வீதம் வந்தது; மாதிரி சரியாக எடுக்கப்பட்ட ஆய்வுகளை மட்டும் வைத்தபோது 2 வீதத்துக்குக் கிட்ட இறங்கியது. 112 பேரில் மூன்று வீதம் என்றால் மூன்று, நாலு பிள்ளைகள். ஒரு வினாக்கொத்து நோயுள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வையுங்கள். இந்தத் துறையில் அது மிகத் தாராளமான கற்பனை. 1000 பிள்ளைகளில் 30 பேருக்குக் கோளாறு இருந்தால் அது 27 பேரைப் பிடிக்கும். மிச்ச 970 பேரில் 97 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். பிடிபட்ட 124 பேரில் உண்மையானவர் ஐந்தில் ஒருவரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அரிதான ஒன்றைத் தேடும் எந்த வடிகட்டிக்கும் இதுதான் கதி. அடுத்த கட்டப் பரிசோதனை இல்லாமல் முதல் வடிகட்டலோடு நின்றால் பழி சுமப்பது பெரும்பாலும் இல்லாதவர்கள்தான்.

அடுத்த கட்டம் உங்களால் செய்யக்கூடியதுதான். மேலே சொன்ன இரண்டாவது எண்ணிக்கையில் வந்தவர்களையும், கூட்டுத்தொகை எதுவானாலும் ‘விளையாட்டால் படிப்போ முக்கியமான உறவோ கெட்டது’ என்ற கேள்விக்கு 4 அல்லது 5 போட்டவர்களையும் எடுங்கள். ஒவ்வொருவரோடும் 20 நிமிடம் தனியே கதையுங்கள். மற்றப் பிள்ளைகள் கவனிக்காதபடி, வேறு பிள்ளைகளையும் இடையிடையே கூப்பிட்டு. ‘நீ அடிமையா’ என்ற பக்கமே போகவேண்டாம். நேற்றிலிருந்து தொடங்குங்கள். நேற்று எத்தனை மணிக்குப் போனை எடுத்தாய், யாருடைய போன், எப்போது வைத்தாய், வைக்கச் சொன்னது யார், வைத்த பிறகு என்ன செய்தாய். பிறகு முந்தின நாள். பிறகு போன சனி, ஞாயிறு. ‘ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்?’ என்று பொதுவாகக் கேட்டால் வரும் பதில் போனில் பதிவாகும் நேரத்தோடு பொருந்துவது குறைவு. இதைப் பல ஆய்வுகள் காட்டிவிட்டன. பிள்ளை சம்மதித்தால் போனின் அமைப்புகளில் இருக்கும் திரை நேரப் பக்கத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள். வீட்டார் எல்லோரும் பாவிக்கும் போன் என்றால் மொத்த நேரத்தை விட்டு, அந்த கேமுக்கு நேரே உள்ள நேரத்தை மட்டும் எடுங்கள்.

இரவு நேரத்துக்கென்று தனியாகத் தரும் டேட்டா இருக்கிறதா என்றும் கேளுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு விளையாடுவதற்கு அதுதான் காரணம் என்றால், டேட்டா பொதியை மாற்றினாலே நித்திரை திரும்பும். இதைக் கட்டுப்பாட்டிழப்பு என்று எழுதத் தேவையில்லை. கேமுக்குள் செலவழிக்கும் டயமண்ட் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்பது கட்டாயம் கேட்க வேண்டியது. வீட்டுக் காசு, நகை, கடன் என்று பதில் வந்தால் அது கூட்டுத்தொகை 40ஐவிடக் கனமான அறிகுறி.

பேச்சோடு மூன்று பதிவுகளை ஒப்பிடுங்கள்: வரவு இடாப்பு, கடைசி மூன்று தவணைப் புள்ளிகள், வகுப்பாசிரியரின் வாய்மொழி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேமிங் கோளாறு என்று சொல்ல அது கேட்பவை: விளையாட்டின் மீது கட்டுப்பாடு இல்லாமை, மற்ற எல்லாவற்றையும் பின்தள்ளி விளையாட்டு முன்னுக்கு வருதல், கெடுதல் வந்தும் தொடர்தல். இந்த மூன்றும் சேர்ந்து வாழ்க்கையில் கணிசமான பாதிப்பு இருக்க வேண்டும்; பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். புள்ளி இறங்கியது எப்போது, கேம் தொடங்கியது எப்போது என்று திகதி வரிசையில் எழுதிப் பாருங்கள். புள்ளி முதலில் இறங்கி, கேம் பிறகு கூடியிருந்தால் நீங்கள் தேட வேண்டிய காரணம் வேறெங்கோ இருக்கிறது. மனச்சோர்வு, வாசிக்கச் சிரமப்படுதல், வகுப்பில் யாரோ தொடர்ந்து நோகடித்தல், வீட்டில் அடி. இந்தத் திகதி வரிசையை எந்த வினாக்கொத்தும் தராது.

பாடசாலைக்கு வருவதே நின்றுபோன பிள்ளை, போனை வாங்கினால் தாயை அடிக்கும் பிள்ளை, களவுவரை போன பிள்ளை ஆகியோரை மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மூன்றிலும் உண்டு. சாவதைப் பற்றிப் பேசுகிற பிள்ளைக்குப் புள்ளி, தாள் எதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே. தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

போன் உடைந்த வீட்டுக்கு நீங்களே முதலில் போங்கள். அந்தத் தாயிடம், அது வடிகட்டும் தாள் மட்டுமே, பிள்ளைக்கு வருத்தம் என்று அது சொல்லவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். இப்போது பிள்ளை கோபமாக, பேசாமல் இருப்பதை ‘பாருங்கோ, அடிமை எண்டது சரிதானே’ என்று அவர் காட்டக்கூடும். வீட்டில் இருந்த ஒரே போனை உடைத்தால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும்.

விழிப்புணர்வுக் கூட்டம் வைத்துவிட்டுத் திரும்ப அளக்கும் யோசனை அதிபருக்கு வரலாம். கவனம். மேலே நின்ற 31 பேரை மட்டும் இரண்டு மாதத்துக்குப் பிறகு அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கும். முதல் நாளில் தற்செயலாகக் கூடப் போட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பதால் அது நடக்கும். கூட்டம் பலன் தந்தது என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். புள்ளிகள் உண்மையில் நிலையாக நிற்கின்றனவா என்று அறிய வேண்டுமானால், இடையில் எந்தக் கூட்டமும் வைக்காமல், 74 பேருக்கும் இரண்டு வாரம் கழித்து அதே தாளைக் கொடுங்கள். முதல் 31 பேரில் எத்தனை பேர் திரும்பவும் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். பத்துப் பேர் மாறிப்போனால் பட்டியலின் தரம் விளங்கிவிடும்.

வலயத்துக்கு ஏதாவது அனுப்பியே ஆகவேண்டும் என்றால், வீதம் போடாமல் இப்படி எழுதுங்கள்: ‘112 மாணவரிடம் முதற்கட்ட வடிகட்டல் நடந்தது, இத்தனை பேருடன் தனிப்பட்ட உரையாடல் நடைபெறுகிறது, நோய் நிர்ணயம் செய்யப்படவில்லை.’ பெயர்ப் பட்டியலின் எல்லாப் பிரதிகளையும், அதிபரிடம் உள்ளதையும் சேர்த்து, திரும்ப வாங்குங்கள். தாள்களின் பெயர்ப் பகுதியை வெட்டி, இலக்கம் இட்டு, இலக்கத்துக்கு உரிய பெயரைத் தனிக் கொப்பியில் பூட்டி வையுங்கள்.

வேறு நல்ல வினாக்கொத்து உண்டா என்று கேட்டிருந்தீர்கள். கிராலி குழுவினர் 2017இல் வெளியிட்ட பத்துக் கேள்விக் கருவி எனக்குக் கொஞ்சம் திருப்தி. பதில் மூன்றே மூன்று: ஒருபோதும் இல்லை, சில வேளைகளில், அடிக்கடி. ‘அடிக்கடி’ மட்டும் எண்ணப்படும். கடைசி இரண்டு கேள்விகளும் சேர்ந்து ஓர் அறிகுறி. ஐந்துக்குக் குறையாமல் வேண்டும். ‘அரிதாக’வும் ‘சில வேளைகளில்’உம் சேர்ந்து ஒரு பிள்ளையை மேலே தள்ளிவிடும் சிக்கல் அதில் இல்லை. மேலே சொன்ன மற்றக் குறைகள் அதற்கும் உண்டு. தமிழாக்கத்தை ஒருவர் செய்து, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி ஆங்கிலத்தில் எழுதி, இரண்டையும் ஒப்பிட்ட பிறகு, ஆறேழு பிள்ளைகளிடம் ஒவ்வொரு கேள்வியாக வாசித்து ‘இதில என்ன கேக்கினம்?’ என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். இருவர் பிழையாக விளங்கினாலே அந்தக் கேள்வியைத் திருத்த வேண்டும். கொடுப்பதானால் தவணை தொடங்கி மூன்று, நாலு வாரம் போனபின் கொடுங்கள். விடுமுறை முடிந்த கையோடும், தரம் 11 பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போதும் வேண்டாம். 12 மாதத்தைப் பற்றிக் கேட்டாலும் பிள்ளைகள் எழுதுவது போன இரண்டு வாரத்தைப் பற்றித்தான்.